மூத்த கிடங்குப் பொறுப்பாளரின் சம்பள உயர்வும் சம்பந்தி கடனும்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்த வகையில் தங்களுக்கு உறவான நான் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். என் இடது முழங்காலை மட்டும் முழு நலம் என்று சொல்வதற்கில்லை, ஆனால் அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் தொடர்பு கிடையாது. தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளையும், எங்கள் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்றுச் சாயங்காலம்தான் மகளோடு போனில் பேசினோம், எல்லாரும் நலம் என்றாள். இருந்தாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்துவிட்டால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாள் தாளாக எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். காரணம் தாங்கள்தான். போனில் நான் இந்தப் பேச்சை எடுக்காத மாதமே கிடையாது. "சம்பந்தி, அந்த மண்டப பாக்கி விஷயமா" என்று ஆரம்பித்து நான் மூச்சு வாங்குவதற்குள், "அட விடுங்க சம்பந்தி, அங்க மழை பெய்யுதா?" என்று கேட்டுவிடுகிறீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று நானும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை போய் எட்டிப் பார்த்து, லேசாகத் தூறுகிறது என்றோ வெயில் கொளுத்துகிறது என்றோ விவரமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினால் பேச்சு எங்கேயோ போயிருக்கும். போனை வைத்த பிறகுதான், அடடா, இன்றைக்கும் மனுஷன் நம்மை மழையில் நனைத்துவிட்டாரே என்று உறைக்கும். கடிதத்தில் தாங்கள் குறுக்கே பேச முடியாது. இங்கே மழை இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். மகள் சொல்லியிருப்பாள், எனக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறது. ஏதோ எல்லாருக்கும் பொதுவாக ஏறும் சில்லறை ஏற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். இது எனக்கென்று, என் பேர் போட்டு, என் வேலையைப் பார்த்துக் கொடுத்த உயர்வு. கூடவே பதவிப் பெயரும் மாறியிருக்கிறது. இதுவரை கிடங்குப் பொறுப்பாளராக இருந்த நான் இனிமேல் மூத்த கிடங்குப் பொறுப்பாளர். வேலை அதேதான், அதே மூன்றாம் எண் குளிர் அறை, அதே உறைந்த பட்டாணி மூட்டை, அதே மீன் பெட்டி. ஆனால் அந்த மூன்றெழுத்து முன்னால் வந்து உட்கார்ந்ததிலிருந்து கதவைத் திறக்கும்போதே கை கொஞ்சம் நிதானமாகத் திறக்கிறது. முன்பெல்லாம் பட்டாணியைப் பார்த்தால் பட்டாணி என்று மட்டும்தான் தோன்றும். இப்போது என் பொறுப்பு என்று தோன்றுகிறது.

இந்தச் செய்தியை நான் யாருக்கும் சொல்லாமல் கமுக்கமாக வைத்திருந்து, முதலில் தங்கள் பாக்கியைத் தீர்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்றுதான் இருந்திருப்பேன். என் மூக்குக்கண்ணாடி அதற்கு இடம் கொடுக்கவில்லை. எங்கள் குளிர் அறைக்குள் மூச்சு விட்டால் அது முகத்துக்கு எதிரே புகையாக நிற்கும். கனத்த கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவோம். அங்கிருந்து வெளியே வந்த நொடியில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும், அது தெளிகிறவரை எனக்குக் கண் கிடையாது. அப்படிக் கண் இல்லாமல் நின்ற நேரத்தில் மேலாளர் வந்து ஒரு உறையைக் கையில் திணித்துவிட்டு, "படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டு வைங்க, நான் வெளிய போறேன்" என்று கிளம்பிவிட்டார். அந்த வாரம்தான் ஆட்குறைப்பு வரப் போகிறது என்று கிடங்கு முழுக்க ஒரே பேச்சு. நம் சீட்டுதான் கிழிந்தது என்று நினைத்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலாம் என்றால் கையுறையிலும் ஈரம், துடைக்கத் துடைக்க இன்னும் வெள்ளையானது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் பெண் பாவம் பார்த்து, "குடுங்க சார், நான் படிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் நல்ல பெண், ஆனால் தொண்டை ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்ல வேண்டிய தொண்டை. அப்போது சாப்பாட்டு நேரம் வேறு, சுமை இறக்குகிறவர்கள், லாரி ஓட்டுநர்கள், கணக்கர்கள் எல்லாரும் கை கழுவ அந்த வராந்தாவில்தான் வரிசையில் நிற்கிறார்கள். "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று அவள் ஆரம்பித்ததும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் உழைத்தவனை வீட்டுக்கு அனுப்புவதில் இவர்களுக்கு என்ன மகிழ்ச்சி என்று மனசு கொதித்தது. அவள் அடுத்த வரியைப் படித்தாள், அதற்கடுத்ததைப் படித்தாள், தொகையை எழுத்தாலும் எண்ணாலும் இரண்டு தடவை படித்தாள். வராந்தா முழுக்கக் கைதட்டியது. கண்ணாடியில் படிந்திருந்த ஆவி சொட்டுச் சொட்டாகக் கன்னத்தில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, "அண்ணன் அழுறாரு பாரு" என்றார்கள். அது கண்ணாடித் தண்ணீர் என்று எவ்வளவோ சொன்னேன். தங்களிடம் மறைப்பானேன், முழுக்கக் கண்ணாடித் தண்ணீர் இல்லை.

கைதட்டியவர்கள் சும்மா விடுவார்களா? பார்ட்டி என்று பிடித்துக்கொண்டார்கள். எங்கள் கிடங்கிலேயே பணியாளர் விலையில் ஐஸ்கிரீம் கிடைக்கும், செலவு அடங்கும் என்று, "எல்லாருக்கும் ஆளுக்கொரு கப் ஐஸ்கிரீம்" என்றேன். காலையிலிருந்து அந்த ஐஸ்கிரீம் பெட்டியைத் தூக்கித் தூக்கி விரல் மரத்துப்போனவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் சொல்ல முடியாது. சூடாக ஏதாவது வேண்டும் என்றார்கள். வாசலில் இருக்கிற டீக்கடைக்கு ஊர்வலமாகப் போய், சூடாக எண்ணெயில் எதெல்லாம் மிதந்ததோ அதெல்லாம் ஆளுக்கு இரண்டு என்று முடிந்தது. என் சட்டைப் பையில் இருந்த காசு டீக்கே போதவில்லை. மீதியைக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே கணக்கில் எழுதிக்கொண்டார். சம்பள உயர்வால் எனக்கு முதன்முதலில் வந்து சேர்ந்தது ஒரு புதுக் கடன்.

அது சின்னக் கடன், அந்த வாரமே தீர்த்துவிட்டேன். நான் பேச வந்தது பெரிய கடன். சம்பந்தி, தங்களுக்கு அந்த நாள் மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. கல்யாண மண்டபச் செலவு ஆளுக்குப் பாதி என்று பேசியிருந்தோம். என் பாதி என் உள்பையில் பத்திரமாக இருந்தது. ஆனால் என் பக்கத்து உறவும் கிடங்கு ஆட்களும் நான் சொன்ன கணக்குக்கு இரண்டு மடங்காக வந்து நின்றார்கள். அத்தனை பேர் எனக்காக வந்தது எனக்குப் பெருமைதான், இன்றைக்கும் பெருமைதான். ஆனால் மண்டபக்காரருக்குப் பெருமை புரியாது. கூடுதல் நாற்காலி, கூடுதல் சாப்பாடு, கூடுதல் மின்சாரம் என்று கணக்குப் பார்த்து என் தலையில் வைத்தார். கவுண்டரில் நின்று நான் இந்தப் பையைத் துழாவுகிறேன், அந்தப் பையைத் துழாவுகிறேன். தாங்கள் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை பேசாமல் மொத்தத்தையும் கட்டிவிட்டு, "அப்புறம் பாத்துக்கலாம் சம்பந்தி, வாங்க போட்டோ எடுக்கக் கூப்பிடறாங்க" என்று என் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனீர்கள். தங்கள் பெரிய மனசுக்கு நான் என்றைக்கும் நன்றி உள்ளவன். ஆனால் மாடிப்படியில் மணக்கோலத்தில் நின்று என் மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையைத் துழாவியதையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். அந்த முகத்தைத்தான் நான் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு தங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்கிறேன், ஒரு தடவையாவது சாய்ந்து உட்கார்ந்திருப்பேனா? நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்து பேசிவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து ஓடி வந்துவிடுவேன். தங்கள் வீட்டு நாற்காலியில் ஒரு குறையும் இல்லை, எல்லாக் குறையும் என்னிடம்தான்.

ஆகவே உயர்வு வந்த அன்றைக்கே முடிவு செய்தேன், இதில் ஒரு காசுகூட வீணாகக் கூடாது, திட்டம் போட்டுச் செய்ய வேண்டும் என்று. திட்டம் போட என் மச்சினனைக் கூப்பிட்டோம். என் மனைவியின் தம்பி, தங்களுக்குத் தெரியும், கல்யாணத்தில் எல்லாரிடமும் காப்பீடு எடுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தானே, அவன்தான். வரும்போதே வண்ணப் பேனாக்களோடு வந்து, பெரிய தாளில் ஒரு வட்டம் போட்டு, நடுவே கோடு போட்டு அதை இரண்டாகப் பிரித்தான். "அத்தான், உயர்ந்த பணத்தை மட்டும் தனியா எடுங்க. பழைய சம்பளத்துலயே குடும்பம் ஓடட்டும். இதுல பாதி கடனுக்கு, பாதி சேமிப்புக்கு" என்றான். எல்லாமே கடனுக்குத்தான் என்றேன் நான். "கடன் மட்டும் அடைச்சா, அடைச்சு முடிச்ச அன்னைக்குக் கையில என்ன இருக்கும்? நாளைக்கு ஆஸ்பத்திரி அது இதுன்னு வந்தா மறுபடியும் கடன்தான்" என்றான். சொன்னது சரியாகத்தான் பட்டது, ஆனால் அவன் வாயிலிருந்து சரியான பேச்சு வந்து எனக்குப் பழக்கமில்லாததால் கொஞ்ச நேரம் எதிர்த்துப் பேசிவிட்டு ஒத்துக்கொண்டேன். என் மனைவி அத்தனை நேரமும் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள். "கடன் பங்கை எங்கிட்ட குடுத்துடுங்க. சேமிப்புப் பங்கை நீங்களே வெச்சுக்கோங்க." எவ்வளவு நம்பிக்கை பாருங்கள் என் மேல் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

சேமிப்புக்கு மச்சினன் ஒரு விதி சொல்லியிருந்தான், சேமிக்கிற பணம் கைக்கு எட்டக் கூடாது என்று. வங்கியில் போட்டால் கார்டு இருக்கிறது, கார்டு என்றால் கைதானே? ஆகவே முதல் மாதம் ஒரு இரும்புப் பெட்டகம் வாங்கினேன். கடையைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு நகை வியாபாரியிடம் பழசாக மலிவாகக் கிடைத்தது. மலிவு பெட்டகத்துக்குத்தான், அதைத் தூக்குவதற்கு இல்லை. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. லிஃப்டில் ஏற்றியதும் பாரம் அதிகம் என்று லிஃப்ட் கத்த ஆரம்பித்தது, இறக்கினால்தான் நிறுத்தியது. அப்புறம் எங்கள் கிடங்கில் சுமை தூக்கும் வண்டி ஓட்டுகிறவன், அவனை நாங்கள் யானைக்காரன் என்று கூப்பிடுவோம், அவன் நாலு ஆட்களோடு வந்து கயிறு கட்டி, படிக்குப் படி நிறுத்தி, மேலே கொண்டு வந்து முன்னறையில் வைத்தான். ஆட்கூலி, டீ, படியில் பெயர்ந்த இரண்டு ஓடுகளுக்குக் கட்டட உரிமையாளர் போட்ட கணக்கு எல்லாம் சேர்ந்து அந்த மாதச் சேமிப்புப் பங்கு சுத்தமாக முடிந்தது. பணம் பெட்டகத்துக்குள் போகவில்லை, பெட்டகமாகவே ஆகிவிட்டது. மச்சினன் போட்ட வட்டத்தை மட்டும் மரியாதையாக மடித்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

பூட்டு எண் பூட்டு. திருடன் யோசித்தே பார்க்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும் என்று, பிறந்த தேதி, கல்யாணத் தேதி எல்லாம் வேண்டாம் என்று தள்ளி, எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு எண்ணை வைத்தேன். இரண்டாம் மாதச் சம்பளம் வந்ததும் பணத்தோடு போய் முன்னால் உட்கார்ந்தால், திருடனுக்கு வராத எண் எனக்கும் வரவில்லை. பூட்டுத் திறக்கிறவரை வரவழைத்தோம். அவர் கருவி எல்லாம் பரப்பிக் காதை வைத்துக் கேட்டுக்கேட்டுத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, எதிர்வீடு, கீழ்வீடு, மாடிவீடு என்று ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். பழைய பெட்டகம், நகை வியாபாரியுடையது, உள்ளே என்ன இருக்குமோ என்று ஆளாளுக்கு ஒரு கதை. நானும், என் வீட்டுக்கு இவ்வளவு கூட்டமா என்று கொஞ்சம் மார்பை விரித்துக்கொண்டுதான் நின்றேன். கதவு திறந்தது. உள்ளே ஒரு வட்டம் போட்ட தாள். பூட்டுக்காரர் அதை வெளியே எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா சார்?" என்று கேட்டார். கூலி வாங்கும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது, ஆனால் குறைக்கவில்லை. போகும்போது பூட்டையே மாற்றிவிட்டுப் போனதில் இரண்டாம் மாதமும் சரியாகப் போயிற்று.

மூன்றாம் மாதம் கவனமாக இருந்தேன். அந்தக் கவனத்தில்தான் அச்சகத்துப் பக்கம் போனேன். பதவி மாறியதற்குப் பேர் போட்ட விசிட்டிங் கார்டு அடித்து வைத்துக்கொண்டால் நாலு இடத்தில் மரியாதை என்று தோன்றியது, ஒரு இருபது அட்டை போதும் என்றேன். குறைந்தது ஐநூறு அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்றார் அச்சகக்காரர். அடித்தேன். "மூத்த" என்பதை மட்டும் கொஞ்சம் தடித்த எழுத்தில் போடச் சொன்னேன், அதற்குத் தனியாக வாங்கினார். அட்டை அருமையாக வந்திருக்கிறது. வந்த பிறகுதான் யோசித்தேன், நாள் முழுக்க நான் பார்ப்பது உறைந்த மீனையும் பட்டாணியையும்தான், அட்டையை யாரிடம் நீட்டுவது? டைப்பிஸ்ட் பெண்ணுக்கு ஒன்று, பூட்டுக்காரருக்கு ஒன்று, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒன்று கொடுத்தது போக மீதி முழுக்க இப்போது பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. இத்துடன் ஐந்து அட்டை இணைத்திருக்கிறேன். மாப்பிள்ளை அலுவலகத்தில் மேசை மேல் ஒன்றை வைத்துக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சி.

இதையெல்லாம் படித்துவிட்டு இவன் எங்கே உருப்படப் போகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். சேமிப்புப் பக்கம் அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடன் பக்கம் வந்து பாருங்கள் சம்பந்தி. மூன்று மாதமும் சம்பளம் வாங்கிய அன்றைக்கே, வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், கடன் பங்கை உறையில் போட்டு மனைவி கையில் கொடுத்தேன். "சரிங்க" என்று வாங்கி உள்ளே கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஒரு காசு தொட்டேனா? என் ஸ்கூட்டர் நடுரோட்டில் படுத்துக்கொண்டது, பழுது பார்க்கக் கையில் பணமில்லை, ஒரு மாதம் முழங்கால் வலியோடு பேருந்தில் போனேனே தவிர உறையைக் கேட்கவில்லை. பூட்டுக்காரருக்குக் கூலி கொடுக்கக் கையில் கொஞ்சம் குறைந்தது, நாளைக்கு வாருங்கள் என்று எதிர்வீட்டுக்காரர் எதிரிலேயே சொன்னேனே தவிர உறையைக் கேட்கவில்லை. யானைக்காரன் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து, "அண்ணே, உங்களுக்குத்தான் ஏறிடுச்சே, கொஞ்சம் கைமாத்தா குடுங்க, அடுத்த மாசம் தந்துடறேன்" என்றான். "தம்பி, என் பணத்தைக் கேளு, இருந்தா குடுக்கறேன். வீட்ல இருக்கறது என் பணம் இல்ல, சம்பந்தி பணம்" என்று சொல்லிவிட்டேன். அவன் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. என் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவளும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள், பெருமையில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைக்கிறேன். இத்தனை வருஷத்தில் என் கையால் இவ்வளவு பணம் ஒரு இடத்தில் அசையாமல் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

ஆகவே, வருகிற வார விடுமுறை அன்று காலை, மூன்று மாதத்துத் தவணையையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். மீதியையும் இதே மாதிரி மாதாமாதம் கொண்டு வந்து முழுக்க முடித்துவிடுவேன். வாங்க மாட்டேன் என்று தாங்கள் சொல்லக் கூடாது. மழை பெய்கிறதா என்று கேட்கக் கூடாது. பணத்தைத் திருப்பி என் சட்டைப் பையில் திணிக்கக் கூடாது, வேண்டுமென்றே பை இல்லாத சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் பணம் கொடுக்கும்போது என் மகள் அந்த அறையில் இருக்க வேண்டும், தாங்கள் அவள் பார்க்க எண்ணி வாங்க வேண்டும். எங்கப்பா யாருக்கும் பாக்கி வைக்கிறவர் இல்லை என்று அவள் நிமிர்ந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும். பெற்றவனுக்கு அது போதும்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் அன்பையும் ஆசியையும் சொல்லவும். எல்லாரும் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து வரப் போகும் தங்கள் சம்பந்தி,
மூத்த கிடங்குப் பொறுப்பாளர்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு, வழக்கம்போல் கடிதத்தை மனைவிக்கு முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பூட்டுக்காரர் வருகிற இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு, "அந்தப் பணத்தை எடுத்துட்டு வா, ஒரு தரம் எண்ணி வெச்சுடலாம்" என்றேன்.

"பணம் வீட்ல இல்லீங்க. பேங்க்ல போட்டிருக்கேன்."

"சம்பந்தி பணத்தை நம்ம பேங்க்ல ஏன் போட்ட?"

"அது சம்பந்தி பணம் இல்லீங்க. அந்தக் கடன் முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது."

நான் முடிக்காத கடன் எப்படி முடியும் என்று கேட்டேன். தைத்துக்கொண்டிருந்த திரைத்துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னாள். "உங்க பொண்ணு முடிச்சுட்டா. அவ வேலை பாக்கற ரத்தப் பரிசோதனைக் கூடத்துல அவளுக்கு முதல் தடவையா சம்பளம் ஏத்துனாங்க. ஏத்துனதை அப்படியே மாசாமாசம் மாமனார் கையில குடுத்தா. அவர் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னாராம், விடல. மாப்பிள்ளைக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. அன்னைக்குக் கவுண்டர் முன்னாடி நீங்க நின்னதை அவளால மறக்க முடியலயாம்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். அப்புறம், "அப்போ மூணு மாசமா நான் குடுக்கக் குடுக்க நீ எதுக்கு வாங்கிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"சேமிப்புன்னு வெச்ச பங்கு எங்கங்க?" என்றாள்.

நான் பெட்டகத்தைப் பார்த்தேன்.

"கடன்னு சொன்னா நீங்க அதைத் தொட மாட்டீங்க. பஸ்ஸுல போனாலும் போவீங்க, தொட மாட்டீங்க. அதான், கடன் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"என் பேர்ல போட்டிருக்கியா?"

"உங்க பேர்ல போட்டா எடுத்துடுவீங்க. என் பேர்லதான்."

ஆகவே சம்பந்தி, மேலே கண்ட கடிதத்தில் கடன் என்று வருகிற இடங்களையெல்லாம் தாண்டிப் படிக்கவும். அப்படிப் படித்தால் நல விசாரிப்பும் என் முழங்காலும்தான் மிஞ்சும் என்று எனக்கும் தெரிகிறது. கிழித்துப் போட்டுவிடலாம் என்று பார்த்தேன், இவ்வளவு எழுதிய பிறகு மனசு வரவில்லை. இத்தனை நாள் என்னிடம் மூச்சு விடாமல் இருந்ததற்குத் தங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு உயர்வு வந்ததற்கு டைப்பிஸ்ட் படித்தாள், வராந்தா கைதட்டியது, ஐநூறு அட்டை அடித்தேன், தங்களுக்கு இத்தனை பக்கம் எழுதினேன். அவளுக்கு ஒன்று வந்தது. அவள் வாயே திறக்கவில்லை. என் உயர்வைப் போனில் சொன்னபோது, "எனக்கு ரொம்பப் பெருமையா இருக்குப்பா" என்று மட்டும் சொன்னாள். இன்றைக்கு எனக்கு இருக்கிற பெருமையை வைக்க இந்த வீட்டில் இடம் போதவில்லை.

இந்தக் கடிதத்தைத் தாங்கள் படித்ததும் அவள் கண்ணில் படாமல் வைத்துவிட வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரியாமல் செய்த காரியத்தின் பெருமை அவளுடையது, அதை நான் பறிக்க மாட்டேன். வார விடுமுறை அன்று நான் எப்போதும்போல் வருவேன், எப்போதும்போல் மண்டப பாக்கிப் பேச்சை எடுப்பேன், சீக்கிரமே கொடுத்துவிடுகிறேன் என்பேன். தாங்களும் எப்போதும்போல், அட விடுங்க சம்பந்தி என்று சொல்ல வேண்டும். அவள் அப்போது சமையலறையில் இருந்தாலும் இருப்பாள், ஆகவே அவளுக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகச் சொல்லவும்.